படம் ஓடினால் மட்டும் போதுமா?



டூரிங் டாக்கீஸ் இடைவேளையில் கடை விளம்பரக் கண்ணாடி சிலைடு காட்டிய காலத்தை நம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு படம், மூன்று வரி, அவ்வளவுதான். கடைப் பெயர் மனதில் நின்றது. இன்று கூட்டங்களில் கம்ப்யூட்டர் சிலைடும் நடுவே வீடியோவும் காட்டுகிறோம். என்ன மனதில் நிற்கிறது?

உசிலம்பட்டி மளிகை வியாபாரிகளுக்குக் கலப்படம் பற்றி விளக்க நாம் ஒருமுறை 12 நிமிட வீடியோவை முழுதாக ஓட்டினோம். பாதியிலேயே பலர் டீ குடிக்க எழுந்துவிட்டனர். குற்றம் அவர்களுடையதல்ல, நம்முடையது.

அடுத்த முறை 40 வினாடி மட்டும் வெட்டி வைத்துக்கொண்டோம். "உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள்" என்று முதலில் சொல்லிவிட்டே ஓட்டினோம். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சள். கடுகு போலவே இருக்கும் பிரமதண்டு விதையை நசுக்கினால் வெள்ளை. வீடியோவை நிறுத்திவிட்டு, இரண்டு விதைகளையும் தட்டில் வைத்து எல்லோர் கையிலும் கொடுத்தோம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

இது விளையாட்டுக் காரியமல்ல. 1998-ல் டெல்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60 பேருக்கு மேல் மாண்டனர்.

ஆனால் சட்டத்தை வீடியோவில் சொன்னால் காதோடு போய்விடும். அதைச் சிலைடில் பெரிய எழுத்தில் நிறுத்தினோம்: 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 27-ஆவது பிரிவு. பண்டத்தை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பு. பில் இல்லாமல் சரக்கு எடுப்பவர்கள் அந்த வரியைக் குறித்துக்கொண்டார்கள்.

ஆகவே, செய்கையைக் காட்ட வீடியோ. எண்ணும் விதியும் சொல்லச் சிலைடு. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பவர்பாயிண்டிலேயே வேண்டாத பகுதியை வெட்டிவிடலாம். வீடியோவைச் சிலைடு ஃபைலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். வெறும் இணைப்பு கொடுத்தால், வேறு கம்ப்யூட்டரில் போடும்போது திறக்காமல் காலை வாரிவிடும். மண்டபத்தில் இன்டர்நெட் கிடைக்கும் என்று நம்பியிராதீர்கள். ஆட்கள் வருமுன் ஒருமுறை ஓட்டி, சத்தம் கடைசி வரிசை வரை கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

எடை போடுமுன் தராசைச் சரிபார்ப்பவர்கள் நாம். கூட்டத்திற்கும் அதே பழக்கம் போதும்.