முயலுக்கு மாடி வீடு

முயல் வளர்த்து நட்டப்பட்டவர்களைக் கேட்டால், "நோய் வந்து செத்துவிட்டது" என்பார்கள். அவர்கள் வைத்திருந்த கூண்டைப் பார்த்தால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கும். பழம் வந்த பெட்டியில் நான்கு முயலை அடைத்திருப்பார்கள். அல்லது ஈரத் தரையில் விட்டிருப்பார்கள். கடன் வாங்கி முயல் வாங்கியவர், கூண்டுக்கு மட்டும் செலவு செய்யத் தயங்குகிறார். முதல் பணத்தைக் கூண்டில் போடுவதுதான் சரி.

நம் நாட்டில் பல மாநிலங்களில் முயல் வளர்க்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தில் குலு பக்கம் குளிர் அதிகம். அங்கே அங்கோரா முயலை அதன் ரோமத்துக்காக வளர்க்கிறார்கள். இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரோமத்தைக் கத்தரிப்பார்கள். கேரளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இறைச்சிக்காக வளர்ப்பவர்கள் உண்டு. ராஜஸ்தானில் அவிகாநகரில் மத்திய அரசின் ஆடு, கம்பள ஆராய்ச்சி நிலையம் 1962-இல் தொடங்கப்பட்டது. முயல் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. குலு அருகே கார்சாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் அதன் கிளைகள் இருக்கின்றன.

காட்டில் ஓடும் முயல் வேறு, வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. வீட்டு முயலின் முன்னோர் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. நம் காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இரண்டு தளம் போதும்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம்தான் இருக்கிறது. நான்கு முயல்கள் வளர்க்க வேண்டும். அப்போது கூண்டை மேலே உயர்த்துவதைத் தவிர வழி இல்லை. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. இதுதான் அடுக்குக் கூண்டு.

மூன்று தளம் வைத்தால் இன்னும் இரண்டு முயல் வளர்க்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூண்டின் கால் உயரம் ஒன்றரை அடி. கீழ் அறை 2 அடி. நடுவில் சாணம் விழும் தகட்டுக்கு முக்கால் அடி. ஆக, மேல் அறையின் தளம் தரையிலிருந்து 4 அடி 3 அங்குலத்தில் வரும். நின்றபடியே கையை உள்ளே விட்டு முயலை எடுக்கலாம். மூன்றாவது தளம் 7 அடி உயரத்துக்குப் போய்விடும். அதற்கு ஏணி வேண்டும். ஏணி போட்டு ஏறித் தினமும் யார் கூட்டுவார்கள்? கண்ணுக்குத் தெரியாத அறையில் முயல் இரண்டு நாள் தின்னாமல் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஓர் அறைக்கு 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் வையுங்கள். இதைவிடச் சிறிய கூண்டுகளைக் கடையில் விற்கிறார்கள். அவை மலிவு. ஆனால் வளர்ந்த முயல் 4 கிலோ வரை இருக்கும். அது நீட்டிப் படுக்க வேண்டும். திரும்ப வேண்டும். காதை நிமிர்த்தி உட்கார வேண்டும். குட்டி போடும் பெட்டியும் அதே அறைக்குள் வர வேண்டும். ஒடுங்கிய கூண்டில் தாய் தன் குட்டியைத் தானே மிதித்துவிடும்.

வளர்ந்த முயலுக்குத் தனி அறை வேண்டும். மூன்று மாதம் ஆன ஆண் முயல்களை ஒன்றாகப் போட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண் முயலும் தன் அறைக்குள் வேறு முயலை விடாது. இனப்பெருக்கத்துக்குப் பெண் முயலைத்தான் ஆண் முயலின் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் சண்டைதான்.

வலைக்குக் கணக்கு

நான்கு அறைக் கூண்டின் மொத்த நீளம் 6 அடி. அகலம் இரண்டரை அடி. கடைக்காரர் சொல்லும் அளவை அப்படியே வாங்காமல், நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒரு தளத்தின் தரை: 6 × 2½ = 15 சதுர அடி. இரண்டு தளத்துக்கு 30 சதுர அடி. இது தரை வலை.

ஒரு தளத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 24 சதுர அடி. இரண்டு ஓரங்களும் 10 சதுர அடி. நடுத்தடுப்பு 5 சதுர அடி. மேல்மூடி 15 சதுர அடி. கூட்டினால் 54. இரண்டு தளத்துக்கு 108 சதுர அடி. இது பக்க வலை. வெட்டும்போது வீணாவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வலையும் ஒன்று அல்ல. தரைக்குப் பற்றவைத்த கம்பி வலை வேண்டும். கம்பி தடியாக இருக்க வேண்டும். கண் முக்கால் அங்குலம். குட்டி இருக்கும் அறைக்கு அரை அங்குலம். இதற்கு மேல் கண் பெரிதானால் குட்டியின் கால் சிக்கும். ரொம்பச் சிறிதானால் புழுக்கை கீழே விழாது. கோழி வலை மலிவாகக் கிடைக்கும். அதைத் தரைக்குப் போடக் கூடாது. மெல்லிய கம்பி முயலின் பாதத்தை அறுக்கும். அதன் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போலச் சதைத் திட்டு கிடையாது. மயிர் மட்டும்தான். புண் வந்தால் ஆறுவது கடினம். எல்லா அறையிலும் ஓர் ஓரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பலகை போட்டுவிடுங்கள். முயல் அதன்மேல் போய் உட்காரும். பலகையை அடிக்கடி கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும்.

பக்கங்களுக்கு ஓர் அங்குலக் கண் போதும். ஆனால் குட்டி இருக்கும் அறையில் அடிப்பக்கம் 4 அங்குல உயரத்துக்குச் சிறு கண் வலையைச் சுற்றிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் குட்டி நழுவிக் கீழே விழும்.

மூங்கில் மலிவாகக் கிடைக்கும் ஊர்களில் தரைக்கு மூங்கில் பட்டை அடிக்கலாம். பட்டைக்கும் பட்டைக்கும் அரை அங்குல இடைவெளி விட வேண்டும். மூங்கிலை முயல் கொறிக்கும். மூத்திரமும் ஊறும். அதனால் பட்டையை அவ்வப்போது மாற்ற வேண்டும். மரச்சட்டம் வைப்பவர்கள், சட்டம் வலைக்கு வெளியே வரும்படி அடிக்கச் சொல்லுங்கள். முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கிடைத்ததை எல்லாம் அது கடிக்கும்.

நடுவில் ஒரு தகடு

அடுக்குக் கூண்டில் உயிர்நாடி இந்தத் தகடுதான். மேல் அறையின் சாணமும் மூத்திரமும் கீழ் முயலின் தலையில் விழக் கூடாது. குட்டி முயல்களுக்குக் கழிச்சல் நோய் சாணத்தின் வழியாகத்தான் பரவுகிறது. அந்தக் கிருமி குடலைப் பாழாக்கும். இன்று துள்ளும் குட்டி, இரண்டொரு நாளில் வயிறு உப்பிச் சாகும்.

தகட்டைச் சாய்வாக வையுங்கள். முன்பக்கம் உயரமும் பின்பக்கம் தாழ்வும். சரிவு அரை அடி இருக்கட்டும். பின்பக்கம் தகடு 2 அங்குலம் வெளியே நீண்டால் கீழ் அறையில் சொட்டாது. அங்கே ஒரு காடி கட்டி வாளியில் விழும்படி செய்யலாம். கூண்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் ஆள் போக 2 அடி இடம் விடுங்கள். முயல் மூத்திரம் இரும்பை அரிக்கும். தகரத்தைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் தகடு நாள்பட உழைக்கும். வாளியில் சேரும் புழுக்கை நல்ல எரு. மண்புழு உரக் குழியிலும் போடலாம்.

காலையில் ஒரு சோதனை செய்யுங்கள். குனிந்து, கீழ் அறை முயலின் மூக்கு இருக்கும் உயரத்தில் உங்கள் மூக்கை வையுங்கள். கண் எரிகிறதா? அந்தக் காற்றைத்தான் முயல் இரவெல்லாம் மூச்சாக இழுத்தது. தும்மலும் சளியும் அங்கிருந்துதான் வருகின்றன.

மேலே வெயில், கீழே நாற்றம்

கீழ்த் தளத்தில் நாற்றம் என்றால், மேல் தளத்தில் வெப்பம். தகரக் கூரைக்குக் கீழே ஓர் அடியில் கூண்டின் தலை இருந்தால், மே மாதத்தில் மேல் அறை அடுப்பாகிவிடும். முயலுக்குச் சூட்டைத் தணிக்க வழி குறைவு. நம்மைப் போல அதற்கு வேர்க்காது. நீண்ட காதின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனால் சோர்ந்துவிடும். 35-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. ஆண் முயல் பிழைத்தாலும் சில வாரங்களுக்குச் சினை பிடிக்க வைக்காது.

மேல்மூடிக்கும் கூரைக்கும் நடுவே 3 அடியாவது இடைவெளி வேண்டும். கூரை ஓலையாக இருந்தால் நல்லது. மர நிழல் அதைவிட நல்லது. கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய ஓரத்தில் மட்டும்தான் விழும். கோடையில் கூரைமேல் ஈரச் சாக்கு போடுங்கள். சினை முயலையும் பால் கொடுக்கும் தாயையும் கீழ்த் தளத்தில் வையுங்கள். அங்கே குளிர்ச்சி. ஆனால் தகடும் காடியும் சுத்தமாக இருந்தால்தான் இது பொருந்தும்.

தண்ணீர் குறையக் கூடாது. பால் கொடுக்கும் தாய், கோடையில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்கும். கனமான மண் கிண்ணம் வையுங்கள். லேசான கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும்.

பெட்டியும் அட்டையும்

முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் மயிர் இருக்காது. கண் திறந்திருக்காது. பத்து நாள் கழித்துத்தான் கண் திறக்கும். வெறும் வலைமேல் பிறந்தால் குளிரில் விறைத்துச் செத்துவிடும். அதனால் ஒரு பெட்டி வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். முன்பக்கத்தை மட்டும் அரை அடியாகக் குறைத்தால் தாய் ஏறி இறங்கும். உள்ளே வைக்கோல் போடுங்கள். தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தை செய்துகொள்ளும்.

பெட்டியை என்றைக்கு வைப்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். 27-ஆம் நாள் பெட்டி உள்ளே இருக்க வேண்டும். சீக்கிரம் வைத்தால் அதிலேயே மூத்திரம் பெய்து நாறடிக்கும். பிந்தினால் குட்டி வலைமேல் விழும். நான்கு முயலின் நாளையும் மனத்தில் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஓர் அட்டை தொங்கட்டும். இப்படி எழுதுங்கள்:

சேர்த்த நாள்: மார்ச் 1
பெட்டி வைக்கும் நாள்: மார்ச் 28
குட்டி போடும் நாள்: ஏப்ரல் 1 வாக்கில்
பிறந்த குட்டி: ___
இறந்த குட்டி: ___

கடைசி இரண்டு வரியையும் விடாமல் எழுதுங்கள். ஒரே அறையில் இரண்டு முறை குட்டி இறந்தால், அந்த அறையில் ஏதோ குறை இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் போகும்போது இந்த அட்டையையும் கொண்டுபோனால் அவருக்கும் எளிது.

தாய் குட்டியோடு படுத்திருக்காது. "பால் கொடுக்கவே இல்லையே!" என்று வீட்டில் பயப்படுவார்கள். பயம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு முறை, சில நிமிடம்தான் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். தாய் தன் பின்பக்கம் குனிந்து மெத்தென்ற புழுக்கையைத் தின்பதும் நோய் அல்ல. அது முயலின் இயல்பு. அதில் சத்து இருக்கிறது.

எறும்பு, எலி, பூனை

எறும்பு ஒரு இரவில் ஒரு ஈற்றுக் குட்டிகளையே கடித்துக் கொன்றுவிடும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எலிக்குக் காலின் நடுவே தகரத்தைக் கவிழ்த்த புனல் போல அடிக்க வேண்டும். பூனை, கீரி, நாய் இவற்றுக்கு நல்ல தாழ்ப்பாள் போதும். கயிற்றால் கட்டிய கதவு கதவே அல்ல.

நகரத்தில் சிலர் பிள்ளைகளுக்காக முயலோடு கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் விடுகிறார்கள். அது கூடாது. முயல் உதைத்தால் அந்தச் சிறு பிராணிக்கு எலும்பு முறியும். கினிப்பன்றிக்குக் கூட்டம் வேண்டும். வலைத் தரை ஆகாது, பலகைத் தரைதான் வேண்டும். அதற்கு ஏறவும் தாவவும் வராது. மாடி வைத்தால் அகலமான, சாய்வு குறைந்த ஏற்றுப் பலகையும் அதற்கு இருபுறம் தடுப்பும் தேவை. மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்காது. தினமும் பச்சைக் காய், கீரை கொடுக்க வேண்டும். முயலுக்கு அந்தக் கவலை இல்லை.

கூண்டு தயாரானதும் முயல் விற்பவர்கள் வருவார்கள். "குட்டியை எல்லாம் நாங்களே வாங்கிக்கொள்வோம்" என்று வாக்குக் கொடுத்து, முயலை அதிக விலைக்கு விற்றுவிட்டுக் காணாமல் போனவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். பத்திரம் கொடுத்தால் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். வாங்கும் விலை, வாங்கும் நாள், எடை எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறதா? முதலில் இரண்டு அறையில் மட்டும் முயல் விடுங்கள். மற்ற இரண்டு அறையும் காலியாகவே இருக்கட்டும். முதல் ஈற்றுக் குட்டி பால் மறக்கும்போது, நான்கு முதல் ஆறு வாரத்தில், அந்த அறைகள் தானாகத் தேவைப்படும்.