முதல் சொட்டு யாருடையது?



கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பிறந்ததும் சேனைத் தண்ணீரோ கழுதைப்பாலோ நாவில் வைக்கும் பாட்டிமார் உண்டு. அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அதோடு நோய்க்கிருமியும் உள்ளே போகலாம்.

தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது குடலில் வாழும் 'பிஃபிடோ' என்னும் நல்ல கிருமிகளுக்கு ஆகாரம். அவை பெருகினால் தீய கிருமிகளுக்கு இடம் குறைகிறது.

ஒடிசா கிராமங்களில் 4,500க்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு பாதிப்பேருக்குத் தாய்ப்பாலோடு வேறொரு நல்ல கிருமியும் அதற்கான ஆகாரமும் 7 நாள் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் மரணமும் சேர்த்து 40 சதவீதம் குறைந்ததாக 2017இல் அறிவித்தார்கள்.

பாட்டிமாரே, தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள். நாவில் படும் முதல் சொட்டு தாயின் சீம்பாலாகவே இருக்கட்டும்.