தெருவோரத்து வெண்கோடு

அமைச்சர் வருகிறார், தேர் ஓடுகிறது, ஊரில் காய்ச்சல் பரவுகிறது: இம்மூன்றில் எது நேர்ந்தாலும் நம் தெருக்களின் இருமருங்கிலும் ஒரே இரவில் வெண்கோடு முளைத்துவிடும். அரிசிமாக் கோலமாயின் எறும்புக்கேனும் உணவாகும். இக்கோட்டால் நோய்க்கு நேரும் இடர் ஏதுமில்லை.

குற்றம் பொடியுடையதன்று. பாடநூல்கள் சலவைத்தூள் என்றும் கடைக்காரர் பிளீச்சிங் பவுடர் என்றும் வழங்கும் அதனை, 1799-இல் துணி வெளுப்பதற்கென ஆக்கியவர் கிளாசுகோ நகரத்துச் சார்லசு டென்னண்டு. அது உயிர்காக்கும் என்று காட்டியவர் வியன்னாப் பொது மருத்துவமனையின் செம்மல்வைசு. பிணக்கூறாய்வு முடித்த கையோடு மகப்பேற்றுக் கூடத்துக்குள் நுழைந்த மருத்துவர்களை, 1847-இல் அவர் குளோரினேறிய சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் பிரிவில் நூறு தாய்மாருள் பதினெண்மர் மாண்டனர்; சூன் திங்களில் அது இருவர் என்னும் அளவுக்கு இறங்கியது. நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்பது நிறுவப்படாத காலம் அது. எனினும் மருந்து சேரவேண்டிய இடம் எது என்பதை அவர் அறிந்திருந்தார்: தெருவன்று, கை.

இத்தூள் நீரில் கரைகையில் ஐப்போகுளோரசு அமிலம் பிறக்கிறது. அது நுண்ணுயிரின் உறையைக் கடந்து புரதங்களைச் சிதைக்கும். ஆனால் அதற்குப் பகை நட்பு தெரியாது. மண், சளி, எண்ணெய்ப் பிசுக்கு, உதிர்ந்த இலை என எதிர்ப்படும் யாவற்றோடும் வினைபுரிந்து தன் ஆற்றலை இழந்துவிடும். புழுதித் தெருவில் தூவிய பொடி புழுதியோடு பொருதே ஓய்கிறது. வகுப்பறை மேசையையும் கதவுப்பிடியையும் குழாய்த்திருகையும் முதலில் சோப்பு நீரால் கழுவ வேண்டும் என்பது இதனாலேயே. அதன்பின் கரைசல் பூசி, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விடவேண்டும். பூசிய கையாலேயே துடைத்துவிடுவது பள்ளிகளில் நான் மிகுதியும் காணும் பிழை.

எல்லாக் கிருமிக்கும் ஒரே படை போதாது. கொரோனா நச்சுயிரி கொழுப்புறை போர்த்தது. சோப்பே அதைக் கரைத்துவிடும். குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் தரும் நோரோ நச்சுயிரிக்கு அவ்வுறை இல்லை. கையில் தேய்க்கும் ஆல்ககால் நீர்மத்துக்கு அது எளிதில் மசியாது. அதன் துகள்கள் இருபது உட்சென்றாலும் நோய் வரலாம். வகுப்பில் பிள்ளையொன்று வாந்தியெடுத்தால் நாட வேண்டியது சலவைத்தூள் கரைசலை. அதுவும் மேசைக்குப் பூசுவதினும் செறிவாக.

காற்றில் தெளிப்பதோ பழம்பிழை. அறுவைக்கூடத்தில் கார்பாலிக் அமிலத்தைப் பனிபோல் தூவிய லிசுட்டரே, 1890-இல் பெர்லின் மாநாட்டில் அதற்காக வருந்தினார். நாமோ 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாயிலில் மனிதரை நனைக்கும் சுரங்கவழி கட்டினோம். அத்திங்களிலேயே நம் பொதுச் சுகாதாரத் துறை அவ்வழிகளைத் தவிர்க்கச் சொன்னது. கண்ணும் தோலும் எரிந்ததே மிச்சம். மூச்சுக்குள் இருக்கும் நச்சுயிரியை மேனியில் தெளித்த நீர் என்ன செய்யும்? நச்சுயிரி படிந்த பரப்பைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு, பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றினும் குறைவென அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நடுவம் 2021-இல் மதிப்பிட்டது. மூச்சுவழிப் பரவும் நோய்க்குச் சன்னலைத் திறப்பதே முதல் மருத்துவம்.

இனி அளவு. நல்ல தூளில் நூற்றுக்கு முப்பது பங்கேனும் பயன்படு குளோரின் இருக்கும். பத்து லிட்டர் வாளிக்கு 33 கிராம் இட்டால் 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். மேசைக்கும் கதவுக்கும் அது போதும். திறந்துகிடந்த மூட்டைத் தூளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. வெயிலும் ஈரமும் குளோரினைப் போக்கிவிடும். கழிப்பறை அமிலத்தோடு இதனை ஒருபோதும் கலக்கலாகாது. எழும் குளோரின் வளி நுரையீரலைப் புண்ணாக்கும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவைப் பண்டக அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். தூய்மைப் பணியாளரின் கையில் அளவுக்கரண்டியையும் கையுறையையும் கொடுங்கள்; வெறுங்கையால் அள்ளித் தூவும்படி அவரை இனியும் விடாதீர்கள்.