வெட்டிய கரும்பு காத்திருக்காது!

சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரி மண்ணாடிப்பட்டு கொம்யூனில், லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய நாட்களில் இங்கும் கரும்பு வண்டிகள் வந்து போயின.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைப்பது நல்லது. வண்டி காத்துக் கிடந்தால் கரும்பு காயும். எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். விவசாயிக்கு நஷ்டம்! அதனால்தான், எந்த வயலை எப்போது வெட்டுவது என்று ஆலைகள் 'வெட்டு உத்தரவு' கொடுக்கின்றன.

வயல், வண்டி, ஆலை, கடை, உங்கள் வீட்டு காபி டம்ளர்... இந்தத் தொடர்தான் 'விநியோகச் சங்கிலி'. அது எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்து, வழி சொல்லவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தொழில் பொறியியல் படித்து இந்த வேலைக்கு வரலாம்.

இஸ்ரேலைச் சேர்ந்த எலியாகு கோல்ட்ராட், இயற்பியல் படித்து ஆலோசகர் ஆனவர். 1984-ல் வெளிவந்த அவரது 'தி கோல்' நாவலில் சிறுவர்கள் வரிசையாக நடைப்பயணம் போகிறார்கள். ஒருவன் மெதுவாக நடக்க, வரிசை சிதறுகிறது. திட்டினார்களா? இல்லை! அவனை முன்னால் விட்டு, அவன் பையின் சுமையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்தே போனார்கள்.

ஆலையிலும் அதேதான். மெதுவான இடத்துக்கு உதவினால் மொத்த வேலையும் வேகமாகும்.

நாளை மதிய உணவு வரிசையைக் கவனியுங்கள். எங்கே தேங்குகிறது? சாதம் போடும் இடத்திலா, தட்டு கழுவும் குழாயிலா? கண்டுபிடித்தால் நீங்களும் குட்டி ஆலோசகர்தான்!