படுக்கையருகில் யாருக்கு இடம்? மருத்துவ, செவிலியர் கல்வியில் கற்றல் கோட்பாடுகளும் சாதியும்

வானூர் வட்டம் குயிலாப்பாளையத்திலிருந்து பேருந்தில் சென்றுவரக்கூடிய தொலைவிலேயே பல மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் பிம்ஸ், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி எனப் பட்டியல் நீள்கிறது. பட்டியல் சாதியினருக்கு மாநிலத்தில் உள்ள 18 விழுக்காட்டு இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கென மருத்துவப் படிப்பில் 2020இல் சட்டமான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், இப்பகுதியின் காலனித் தெருக்களிலிருந்து ஒரு மாணவி மருத்துவராவதற்கான வாசலைத் திறந்திருக்கின்றன. அந்த வாசலுக்காக நாம் நெடுங்காலம் போராடியிருக்கிறோம். ஆனால், உள்ளே நுழைந்தபின் அவள் எவ்வாறு கற்கிறாள், அந்தக் கற்றல் எங்கே தடைபடுகிறது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

மருத்துவக் கல்வி இன்று தன்னைக் கற்றல் கோட்பாடுகளின் மொழியில் விளக்கிக்கொள்கிறது. 2019இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியச் செவிலியர் மன்றமும் 2021இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை அதே நோக்கில் திருத்தியது. விரிவுரையைக் கேட்டு மனப்பாடம் செய்து எழுதுவது கற்றல் ஆகாது. செய்து காட்டத் தெரிவதே கற்றல் என்பது இவற்றின் அடிப்படை. இதற்கென நான்கு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் செய்துகாட்டுவார்; மாணவர் கவனிப்பார்; பிறகு உதவுவார்; இறுதியில் தானே செய்வார். செய்தவற்றை ஆசிரியர் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுவார்.

கோட்பாட்டளவில் இது நல்ல மாற்றமே. ஆயினும் இந்த நான்கு படிகளும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவின்மீது கட்டப்பட்டவை. யார் படுக்கையருகில் அழைக்கப்படுகிறார், யார் கடைசி வரிசையில் எட்டிப் பார்க்கிறார், யாரிடம் ஊசி கொடுக்கப்படுகிறது, யார் "கவனி" என்ற படியிலேயே நிறுத்தப்படுகிறார் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதில்லை. அதை வார்டு தீர்மானிக்கிறது. நம் சமூகத்தில் வார்டு சாதிக்கு வெளியே இல்லை.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகிய இருவரும் 1991இல் எழுதிய நூல், கற்றல் என்பது ஒரு பணிக்குழுவின் ஓரத்தில் சேர்ந்து, படிப்படியாக அதன் மையத்தை நோக்கி நகர்வதே என்று விளக்கியது. மெக்சிகோவின் மாயா மருத்துவச்சிகள் அவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று. மற்றொரு சான்று அமெரிக்காவின் இறைச்சி வெட்டுவோர். அங்கே பயிற்சியாளர்கள் பொட்டலம் கட்டும் மேசையில் நிறுத்தப்பட்டனர். தேர்ந்தவர்கள் வெட்டுவதை அவர்கள் பார்க்கவே வழியில்லை. ஆகவே வெட்டும் தொழிலை அவர்கள் கற்க இயலாமற்போனது. ஆற்றல் குறைவு அதற்குக் காரணமன்று, நின்ற இடமே காரணம்.

ஓரத்திலிருந்து மையத்துக்குச் செல்லும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஆவணங்கள் உண்டு. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு குறித்து ஆராய்ந்த சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை அளித்தது. தமக்கு ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று கருத்துரைத்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் கூறினர். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நேர்மையின்மை, விடுதியில் ஒதுக்கப்படுதல் ஆகியவற்றையும் அவ்வறிக்கை பதிவு செய்தது. 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி தற்கொலை செய்துகொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர் அவரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர் என்பதோடு, அவருக்குப் பயிற்சி வாய்ப்பை மறுத்தனர் என்பதும் குடும்பத்தார் முன்வைத்த புகார்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதற்கும் தேர்ந்தவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியில்தான் வளர்ச்சி நிகழ்கிறது என்றார். துணை மறுக்கப்பட்டால் அந்த வெளி மூடிக்கொள்கிறது. பண்டுரா, "என்னால் முடியும்" என்னும் நம்பிக்கை செயலுக்கு அடிப்படை என்றார். தன்னைப் போன்றவர் வெற்றி பெறுவதைக் காண்பது அந்நம்பிக்கையை வளர்க்கும். ஆசிரியர் வரிசையில் தன்னைப் போன்ற ஒருவரையும் காணாத மாணவிக்கு அந்த ஊற்று வறண்டுவிடுகிறது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு இங்கே கருதத்தக்கது. சாதி அறிவிக்கப்படாதபோது புதிர்களை விடுவிப்பதில் தலித் சிறுவர்களும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களும் சமமாகவே இருந்தனர். அனைவர் முன்னிலையிலும் சாதி சொல்லப்பட்டபின் தலித் சிறுவர்களின் செயல்திறன் குறைந்தது. வகுப்பில் "கோட்டாவில் வந்தவர் யார்?" என்ற கேள்வி என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. முதலில் கற்கும் வாய்ப்பு பறிக்கப்படுகிறது. பிறகு அதன் விளைவே தகுதியின்மை என்று பெயர் பெறுகிறது.

இதற்கு மாறான முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ரஜனிகாந்த், மேபெல் அரோலே இணையர் 1970இல் தொடங்கிய திட்டம், எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. அவர்களுள் தலித் பெண்களும் இருந்தனர். வெவ்வேறு சாதிப் பெண்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து உண்டு, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். சாதியைக் கடப்பது அங்கே பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆரோவில்லின் சுகாதார மையமும் சுற்றுக் கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவித்து வந்துள்ளது. இப்பெண்களின் அனுபவ அறிவை நம் கல்லூரிகள் பாடமாகக் கருதுவதில்லை.

கோட்பாடுகளை நேர்மையாக நடைமுறைப்படுத்த விரும்பும் கல்லூரி செய்யக்கூடியவை பல. படுக்கையருகில் நிற்பதும் செய்முறையில் கைவைப்பதும் சுழற்சி முறையில் எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும். பதிவேடுகளில் யாருக்கு எத்தனை செய்முறைகள் கிடைத்தன என்பதைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். வாய்மொழித் தேர்வின் விருப்பு வெறுப்பைக் குறைக்க, 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய, பல நிலையங்களில் சரிபார்ப்புப் பட்டியலோடு மதிப்பிடும் தேர்வு முறையை விரிவாக்க வேண்டும். தமிழ்வழியில் பயின்றோருக்கான மொழி உதவி முதல் மாதத்து அடிப்படைப் பயிற்சியோடு நின்றுவிடக் கூடாது. 2012இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் கூறிய சமவாய்ப்புப் பிரிவுகள் பெயரளவில் இல்லாமல் செயல்பட வேண்டும்.

இது மாணவர் நலன் மட்டும் சார்ந்த கோரிக்கையன்று. ஊசி போடும் வாய்ப்பு மறுக்கப்பட்ட செவிலியரும், பிரசவம் பார்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மருத்துவரும் நாளை ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியே பணியாற்றுவார்கள். அங்கே வந்து படுப்பவரும் பெரும்பாலும் நம் தெருவைச் சேர்ந்தவராகவே இருப்பார்.