திரைக்கு ஓர் உரைகல்

பொன்னின் மாற்றை அறிய விரும்பும் தட்டான் அதனை உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றான். வீணைக்குச் சுருதி கூட்டுவோன் சுருதிப் பெட்டியின் மாறாத ஒலியைத் துணையாகக் கொள்கின்றான். ஐயத்திற்குரிய பொருள் ஒன்றை ஆராயப் புகுவோர்க்கு, ஐயத்திற்கு இடமில்லாத பொருள் ஒன்று கைவசம் இருத்தல் வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்ப்போர்க்கும் இவ்விதி பொருந்தும். அவர்களுக்கு உரைகல்லாக அமைவது யாது? அது குறைந்த செலவிற் கிடைக்குமா? இவற்றை இங்கே காண்போம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தில்லியில் தோன்றியது. சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாளைய பெட்டிகள், கூரையின்மேல் நட்ட ஏரியலின் வழியாக வானலைகளைப் பெற்றுப் படம் காட்டின. நிகழ்ச்சிகள் தொடங்குமுன் நிலையத்தார் அசையாத சோதனைப் படம் ஒன்றை ஒளிபரப்புவர். பழுது பார்ப்போர் செலவின்றி அதனைப் பயன்படுத்திக் கொண்டனர். இன்று அவ்வாய்ப்பு இல்லை. அப்பழைய முறையில் ஒளிபரப்பிய நிலையங்களிற் பெரும்பாலானவை 2022ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டுவிட்டன. பெட்டி இருக்கின்றது, அதற்கு விளங்கும் மொழியிற் பேசுவார் இல்லை. ஆதலின், சோதனைக்குரிய மின்குறியை நாமே உண்டாக்கிக் கொள்ள வேண்டியதாயிற்று.

படம் திரையில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை முதற்கண் அறிதல் நன்று. படக்குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் எதிர்மின் கற்றை, திரையின்மேல் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடுகின்றது. இந்திய முறையில் ஒரு படத்திற்கு 625 வரிகள். ஒரு விநாடிக்கு 25 படங்கள். எனவே விநாடி ஒன்றுக்கு 15,625 வரிகள் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரத்தை உணர்த்தும் சிறு துடிப்பு மின்குறியிலேயே அடங்கியுள்ளது. அதற்கு இசைந்து கற்றை ஓடினால் படம் நிலைத்து நிற்கும். இசையாவிடிற் சாய்ந்து கிழிபடும், அல்லது மேலும் கீழுமாக உருளும். மின்குறியே இல்லாத பெட்டியில் வெண்புள்ளிகள் மட்டுமே தோன்றும். அதைக்கொண்டு இவ்வகைக் குற்றங்களை அறிதல் இயலாது.

இனி, சோதனைப் படத்தை எவ்வாறு படிப்பது? கட்டங்கட்டமாக அமைந்த கோடுகளில் சில நெருங்கியும் சில அகன்றும் தோன்றினால், கற்றையின் ஓட்டம் சீராக இல்லை என்பது பெறப்படும். வட்டம் முட்டை வடிவாகத் தோன்றினால், படத்தின் உயரமோ அகலமோ பிழைபட்டுள்ளது. கருமையிலிருந்து வெண்மை வரை படிப்படியாக அமைந்த பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், படப்பெருக்கிப் பகுதியையோ மாறுபாட்டு அமைப்பையோ ஆராய்தல் வேண்டும். நெருங்கிய நுண்கோடுகள் மங்கினால், கற்றை குவியவில்லை என்றோ, அலைகளைத் தேர்ந்து பெருக்கும் பகுதி பிறழ்ந்துள்ளது என்றோ கொள்ளலாம். ஓடியாடும் காட்சிகளைக்கொண்டு இவற்றை அளக்க முடியாது. மாறாத படமே அளவுகோலாகும்.

இதற்கெனச் செய்யப்பட்ட பேட்டர்ன் ஜெனரேட்டர் என்னும் கருவி விலை மிக்கது. எனினும் எளியோர்க்கும் வழிகள் உண்டு. கோடு, கட்டம், பட்டை ஆகியவற்றைக் கணினியில் வரைந்து வட்டில் பதித்து, பழைய டிவிடி கருவியில் ஓட்டலாம். அதன் மஞ்சள் துளையிலிருந்து வரும் படக்குறியை, மாடுலேட்டர் என்னும் சிறு கருவியின் வழியாக ஏரியல் துளைக்குச் செலுத்தலாம். கைவிடப்பட்ட வீடியோ கேசட் கருவிகள் பலவற்றில் இம்மாடுலேட்டர் உள்ளேயே அமைந்திருக்கும். 2012ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் வகைகள் பலவும் 625 வரிப் படக்குறியைத் தரவல்லன. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு, ஆர்டுயினோ என்னும் சிறு பலகையும் இரண்டு மின்தடைகளுமே எளிய கோட்டுப் படம் ஒன்றை உண்டாக்கப் போதியன.

இவற்றை வாங்குமுன் மூன்று செய்திகளை உளங்கொள்ளல் வேண்டும். மாடுலேட்டர் சில யு.எச்.எப். அலைகளில் மட்டுமே இயங்கும். வி.எச்.எப். அலைகளை மட்டும் ஏற்கும் பழைய பெட்டிக்கு அது பயன்படாது. இந்திய முறையில் படத்திற்கும் ஒலிக்கும் உரிய அலைகளின் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க முறையில் அது 4.5. ஆதலின், அமெரிக்க முறைக்குரிய மாடுலேட்டரைப் பூட்டினால் ஒலி செவ்வனே கேளாது. மேலும், எக்கருவியாயினும் அதனை முதலில் நன்னிலையிலுள்ள பெட்டியில் இட்டுப் பார்த்தல் வேண்டும். உரைகல்லே போலியாயின் பொன்னைப் பழித்துப் பயன் என்ன?

பிரிட்டனில் இவ்விடர் இன்னும் பெரிது. அங்கு 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தொடங்கிய ஒளிபரப்பு, 405 வரிகளைக் கொண்ட முறையாக நிலைபெற்றது. அம்முறை 1985ஆம் ஆண்டு சனவரியில் நின்றுபோயிற்று. அப்பெட்டிகளுக்கு 625 வரிப் படக்குறி விளங்காது. ஆதலின், வரிகளை நினைவகத்தில் வாங்கி 405 வரிகளாக மாற்றித் தரும் தனிக்கருவி ஒன்றை அங்குள்ள ஆர்வலர்கள் நாட வேண்டியுள்ளது.

இறுதியாக, உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய படக்குழாய், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடும். பெட்டிகள் பலவற்றின் உலோகச் சட்டம் வீட்டு மின்கம்பியோடு நேரே தொடர்புடையது. அத்தகைய பெட்டியோடு வேறு கருவியை இணைத்தால், அக்கருவியின் உலோகப் பகுதியிலும் மின்சாரம் பாயும். தொட்டவர் உயிர் நீங்கவும் கூடும். இதனைத் தடுக்க, பழுது பார்ப்போர் மின்தொடர்பைப் பிரித்து வைக்கும் தனிமின்மாற்றி ஒன்றின் வழியாகவே பெட்டிக்கு மின்சாரம் தருவர். மாணவர்களே! தொழிலறிந்த பெரியோர் ஒருவர் அருகில் நின்று வழிகாட்டினாலன்றிப் பெட்டியின் பின்மூடியைத் திறவாதீர்கள்.

ஒளிபரப்பு நின்றமையாலேயே ஒரு பெட்டி பயனற்றதாகி விடாது. அதனை இயக்கிய முறையை அறிந்தோர் உள்ளவரை அது மீண்டும் படம் காட்டும். செலவு மிகுந்த கருவி இல்லையே என்று சோர்வது வேண்டா. பழுதுற்ற பொருளைத் திருத்தப் புகுவோன் முதலில் தேடவேண்டுவது, பிழையற்றது என்று தான் உறுதியாக அறிந்த ஒன்றையே ஆகும்.