ஏசி கேஸ் தீர்ந்துபோகாது

போன ஞாயிறு சாயங்காலம் மாடி வீட்டு அக்கா கீழே வந்தபோது அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, ஏசில காத்து வருது, குளிர் வரமாட்டேங்குது. மூணு வருஷமா சித்திரை பொறந்தா கேஸ் போடறதே வேலையாப் போச்சு. இந்தத் தடவையும் மெக்கானிக் வந்து பாத்துட்டு, கேஸ் தீந்துருச்சு, டாப்-அப் பண்ணணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

பாலிடெக்னிக்கில் இருபது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். அந்த 'தீந்துருச்சு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒன்றுதான் கேட்டேன். "அக்கா, உங்க வீட்டு ஃபிரிட்ஜ் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" பதினாலு வருஷமாம். அதற்கு ஒரு தடவையாவது கேஸ் போட்டதுண்டா? இல்லை என்றார்.

ஃபிரிட்ஜும் ஏசியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அடுப்பு கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதே இல்லை. குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் இண்டோரில் அது திரவமாக வந்து ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆவதும் இதே கணக்கில்தான். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அழுத்த, அது நன்றாகச் சூடேறி அவுட்டோர் காயிலுக்குள் போகிறது. அங்கே மின்விசிறி அந்தச் சூட்டைத் தெருவுக்குத் தள்ள, ஆவி மறுபடி திரவமாகிறது. மூடிய வட்டம். பத்து வருஷம் ஓடினாலும் போட்ட கேஸ் போட்டபடி இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஃபிரிட்ஜ் ஒழுகாமல், ஏசி மட்டும் ஏன் ஒழுகுகிறது? ஃபிரிட்ஜின் குழாய்கள் எல்லாம் தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டப்பட்டு வருகின்றன. ஸ்ப்ளிட் ஏசி பாதி வேலையோடுதான் வீட்டுக்கு வருகிறது. இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே ஓடும் இரண்டு காப்பர் பைப்புகளையும் நம் வீட்டில் வைத்து, கையால் இணைக்கிறார்கள். இரு முனையிலும் இரண்டிரண்டு, ஆக நாலு இணைப்பு. ஏசியின் ஆயுசு பெரும்பாலும் இந்த நாலு இடத்தில், அந்த ஒரு நாளில் தீர்மானமாகிவிடுகிறது.

அந்த இணைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பைப்பின் வாயைச் சின்ன ஊதுகுழல்போல விரிப்பார்கள். இதற்குப் பெயர் ஃப்ளேர். அந்த விரிந்த வாய் பித்தளை முனையின் சரிவில் உட்கார, பின்னாலிருந்து நட்டைப் போட்டு முறுக்குவார்கள். நடுவில் வாஷர் கிடையாது, பசை கிடையாது. செம்பும் பித்தளையும் ஒன்றோடொன்று அழுந்தியே கேஸை அடைக்க வேண்டும். பைப்பை வெட்டிய இடத்தில் பிசிறு இருந்தால் ஒழுகும். பிசிறைச் சுரண்டும்போது பைப் வாய் கீழே பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்புத்தூள் உள்ளே விழுந்து கம்ப்ரஸர்வரை போய்விடும். நட்டைத் தளர்வாக விட்டாலும் ஒழுகும், பலத்தைக் காட்டி முறுக்கினால் அந்த மெல்லிய வாய் கீறல் விட்டு ஒழுகும். அதனால்தான் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு டார்க் ரெஞ்ச் என்றே ஒரு கருவி இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஒரே நாளில் ஐந்தாறு வீடு ஏறி இறங்கும் பையன்கள், இந்தப் பொறுமைக்கு நேரமில்லாமல்தான் தவறுகிறார்கள். அவர்களில் என்னிடம் படித்துவிட்டுப் போன மாணவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது வேக்கம். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பைப்பை இணைத்ததும் அதற்குள் நம் ஊர்க் காற்றும் அதிலுள்ள ஈரமும் இருக்கும். காற்று திரவமாகாது, காயிலில் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருக்கும் வயர் சுற்றை அரிக்கும். இரண்டையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கும்போது ஈரம் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ ஓட்டை, அல்லது ஈரம் பாக்கி. கேஸைத் திறந்துவிடுவதற்கு முன்பே லீக்கைக் காட்டிக்கொடுக்கும் இடம் இது.

பம்ப் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து, 'புஸ்' என்று கேஸை விட்டு, அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளுகிறார்கள். ஈரம் பைப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கம்பெனியில் அளந்து நிரப்பிய கேஸில் ஒரு பங்கும் போய்விடுகிறது. இப்போது வரும் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32, மெதுவாகத்தான் என்றாலும், தீப்பற்றக்கூடிய கேஸ். அதை வீட்டுக்குள் அப்படித் திறந்துவிடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

இண்டோரில் சேரும் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் பைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் சரிவில்தான் போகும். இண்டோரை மாட்டியதும் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்த்தால் போதும். சுவரில் தண்ணீர் வழியும் வீடுகளில் பெரும்பாலும் ஒன்று சரிவு தப்பு, இல்லையென்றால் பைப்பில் அடைப்பு. அவுட்டோருக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு சாணாவது இடம் விடுங்கள், முன்னால் துணி காயப்போடாதீர்கள். தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால் அது எப்படிக் குளிர வைக்கும்?

குளிர் குறைந்தால் உடனே போனை எடுக்க வேண்டாம். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்று போதாமல் காயிலில் பனிக்கட்டி கட்டும். நிறுத்தியதும் அது உருகி அறைக்குள் சொட்டும். அதைப் பார்த்தும் 'கேஸ் பிரச்சினை' என்பவர்கள் உண்டு. கரண்ட் போய் வந்தபின் கம்ப்ரஸர் ஓட மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டால் அது பழுதில்லை, அதன் பாதுகாப்பு ஏற்பாடு. அவுட்டோர் ஃபேன் ஓடி, கம்ப்ரஸர் 'ம்ம்' என்று முனகி நின்றால் பழைய மாடல்களில் கெப்பாசிட்டர் போயிருக்கலாம்; அதில் மட்டும் கை வைக்காதீர்கள், சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

டீ முடிந்ததும் மாடிக்குப் போனோம். அவுட்டோர் பால்கனி உள்பக்கம்தான் இருந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டேன். இரண்டு பைப்பில் மெல்லியதன் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்தது. தடித்தது, சில்லென்று வியர்க்க வேண்டியது, சாதாரணமாக இருந்தது. கேஸ் குறைவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். தடித்த பைப்பின் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கூடவே கசியும். ஏசியை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பைக் குழைத்து அந்த நட்டில் தடவினேன். அரை நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மிளகு அளவில் ஒரு குமிழி கிளம்பி, மெல்லப் பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷப் பணம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

மறுநாள் தெரிந்த ஒருவரை வரவழைத்தேன். மீதமிருந்த கேஸை எடுத்துவிட்டு, பைப் முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் போட்டு, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, வேக்கம் எடுத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருந்ததோ அத்தனையைத் தராசில் நிறுத்துப் போட்டார். அரை நாள் வேலை.

புது ஏசி மாட்ட வருகிற அன்று வீட்டில் இருங்கள். "தம்பி, வேக்கம் பம்ப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். பழைய ஏசிக்கு டாப்-அப் என்று யாராவது சொன்னால், லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் கேஸ் போட விடாதீர்கள்.